நூற்றுப் பதினேழின் குப்பிகள்

தொண்ணூற்றாறில், மசாக்காவில்,
ஆய்வகம் என்றால்
ஒரு நுண்ணோக்கி, இரண்டு ஜன்னல்,
மின்சாரம் போனால் இருமிக்கொண்டே எழும் ஜெனரேட்டர்.
எதிர்ச்சாரியில் சவப்பெட்டி செய்யும் தச்சர்கள்.
அந்த வருடக் கணக்கு
எங்களைவிட அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

நக்காபுயே அப்போதுதான் வந்தாள்.
ஏரிக்கரையில் பொடிமீன் உலர்த்தி விற்பவள்.
கணவனைப் புதைத்து மூன்று வாரம்.
ஒப்புதல் தாளில் பெருவிரல் வைத்தாள்.
மையோடு ஒரு செதிலும் ஒட்டிக்கொண்டது.
நான் அதைச் சுரண்டவில்லை.
இன்னும் கோப்பில் இருக்கிறது.

கிருமி இருந்தது.
ஒரு வருடம், நான்கு வருடம், ஏழு.
பதிவேட்டில் மற்ற எண்கள்
ஒவ்வொன்றாய்ச் சிவப்புக் கோடு வாங்கின.
நூற்றுப் பதினேழு மட்டும்
கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு
கையை நீட்டினாள்.
மருந்து கிடையாது. அப்போது யாருக்குமே கிடையாது.
அவள் ரத்தத்தில் தேடச் சொன்னால்
கருவி இல்லை என்றது.
இருந்தது, எங்கோ கதவடைத்துக்கொண்டு.
அவளுடைய டி செல்கள்
அந்தக் கதவின் குறுக்கே பாய் விரித்துப் படுத்திருந்தன.

"ஏன் நான் மட்டும், டாக்டர்?
என் தங்கையிடம் இல்லாதது
என்னிடம் என்ன?"

அந்தக் கேள்விக்கு எனக்கு நிதி வந்தது.
அவளுக்குப் பேருந்துக் கட்டணமும்
ஒரு சோப்புக் கட்டியும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது
அடுப்படியில் செல்லும்.
ஆய்விதழ்க்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள்:
ஒருத்தி போதாது, இன்னும் நாற்பது பேர் வேண்டும்.
நாற்பது பேரைத் தேடி
செம்பாட்டியாவின் வேனில் எட்டு வருடம்.
கிடைத்தவர்கள் ஒன்பது.

நடுவே ஒரு தடுப்பூசி.
இரண்டாயிரம் தோள்கள்.
ஒரு செவ்வாய்க்கிழமை தொலைபேசியில்
நிறுத்தச் சொன்னார்கள், பலனில்லை என்று.
செம்பாட்டியா வண்டியை அணைக்கவில்லை.
"ஊசி போட வரவில்லை என்பதையும்
நேரில் போய்த்தானே சொல்ல வேண்டும்."
பதினான்கு கிராமம் போனோம்.
கடைசி ஊரில் எங்களுக்கு வாழைக்காய் அவித்துத் தந்தார்கள்.
அதை என்னால் விழுங்க முடியவில்லை.

பிறகு தெரிந்தது இவ்வளவுதான்:
கிருமி சட்டை மாற்றிக்கொண்டே இருக்கும்.
ஆனால் ஓர் இடம் உண்டு,
அதை மாற்றினால் கிருமியே நொண்டும்.
நக்காபுயேயின் செல்கள்
சரியாக அங்கே பிடித்திருந்தன, பிடி தளராமல்.
அந்தப் பிடி பிறப்போடு வருவது.
தாயிடமிருந்து ஒரு பிள்ளைக்கு வரும்,
இன்னொன்றுக்கு வராமல் போகும்,
காசு சுண்டுவது போல.
அவளிடம் போய்ச் சொன்னேன்.
மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டாள்:
"சுண்டியது யார்?"

பட்டங்கள் வந்தன. ஜெனீவாவில் ஒரு மேடை,
என் பெயரை மூன்று விதமாகத் தவறாகச் சொன்னார்கள்.
கெமிரெம்பே என்பதில் அமைதி இருக்கிறது என்று
யாருக்கும் விளக்கவில்லை.

இருபத்து மூன்றாம் வருடம்
நூற்றுப் பதினேழு இறந்தாள்.
கிருமியால் அல்ல.
சந்தையில், கூடையின் மேல் சாய்ந்து,
ரத்தக் கொதிப்பு.
அத்தனை வருடம் அவள் ரத்தத்தை
குழாய் குழாயாய் எடுத்தவள் நான்.
அதன் அழுத்தத்தை அளந்ததே இல்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நைட்ரஜன் தொட்டியில்
அவளுடைய குப்பிகள் பதினொன்று.
உருக்கினால் விழித்துக்கொள்கின்றன.
மாலைக்குள் கிருமியின் துணுக்கை அடையாளம் கண்டு
பெருகத் தொடங்கிவிடுகின்றன,
யாரும் அவற்றுக்குச் செய்தி சொல்லாததால்.

போன மாதம் மகள் வந்தாள், நசோலோ.
"அம்மாவில் மீதி ஏதோ
இங்கே இருக்கிறதாமே?"
எடுத்துப்போகக் கேட்கிறாளா, பார்க்கவா,
எனக்குத் தெரியவில்லை.
தடித்த கையுறை ஒன்றை அவளுக்கு மாட்டிவிட்டு
தொட்டியின் மூடியைத் திறந்தேன்.
புகை வழிந்து எங்கள் கால்களை மூடியது.
நெடுநேரம் குனிந்து பார்த்தாள்.

"குளிருமே" என்றாள்.