நாலாவது ஜெட்

கடலூர் வெயிலுக்கு வெந்நீர்த் தொட்டியா என்று
சிரிக்காத ஆள் புதுப்பாளையத்தில் இல்லை.
தேவனாம்பட்டினத்தில் மூடிப்போன விடுதியின் ஏலத்தில்
பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தது.
எட்டுப் பேர், ஒரு டாட்டா ஏஸ், கழற்றி மாட்டிய கேட்.
எல்லாம் செந்தாமரையின் முதுகுக்காக.
அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தோரு வருஷம்
ஆட்களைப் புரட்டிப் படுக்கவைத்த முதுகு.

சித்திரை முடியும்போது
தினமும் மூன்று விரற்கடை குறைந்தது.
வெயில் குடிக்குது என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை.
ஒரு வாளி நிறைய நீர் பிடித்துத்
தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.
மறுநாள் வாளியில் குறைந்தது ஒரு நகக்கண்.
"உங்க வெயிலுக்கு வாளி பிடிக்காதாக்கும்."

சிப்காட்டில் எனக்கு வேலையே கசிவு பிடிப்பது.
ஃபிளாஞ்சில் சோப்பு நுரை தடவிக்
குமிழி எழும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவேன்.
அங்கே கசிவு என்றால் சைரன், ஓட்டம், விசாரணை.
இங்கே சத்தமே இல்லை.
மதிலுக்கு அந்தப் பக்கம் ரமீஜா அக்காவின் வாழை மட்டும்
அக்கினி நட்சத்திரத்தில் குலை தள்ளியிருந்தது.
எனக்கு அது உறைக்கவில்லை.

பம்பை ஓட்டி ஒரு ராத்திரி,
நிறுத்தி ஒரு ராத்திரி.
இரண்டிலும் அதே மூன்று விரல்.
மூட்டு மூட்டாகச் செய்தித்தாள் சுற்றினேன்.
தாள் காய்ந்தே கிடந்தது.
ஹீட்டர் வாய், வடிகுழாய், எல்லாம் யோக்கியம்.

"விடுங்க, அதுவா இறங்கட்டும்.
எங்க நிக்குதோ அங்கதான்."

விட்டோம்.
ஒரு காயத்தை இப்படி விட்டுவைக்க
அவள் வார்டில் யாரையும் அனுமதிக்க மாட்டாள்.
ஆறாம் நாள் நீர் இறங்கவில்லை.
ஜெட் வரிசையின் கீழ் உதட்டில்
உப்புக்கோடு கட்டி நின்றது.

வரிசையில் ஏழு ஜெட்.
மறுபடி நாலு விரல் ஏற்றி
நீர் அடங்கக் காத்திருந்தோம்.
இரவுப் பணி முடிந்து வந்தவள்
சீருடையோடு விளிம்பில் குப்புறக் கவிழ்ந்தாள்,
அந்த முதுகோடு.
ஊசி கழற்றிய சிரிஞ்சில் ஊதா மருந்து.
ஜெட்டுக்கு ஒரு சொட்டு.
முதலாவதில் புகைபோல் பரவி நின்றது.
இரண்டு, மூன்று, அப்படியே.
"மூச்சு விடாதீங்க. தண்ணி ஆடுது."

நாலாவதில்
ஊதா ஒரு நூலாகி
விளிம்புக்கு அடியில் நுழைந்து
காணாமல் போனது.

கைக்குழந்தையின் நரம்பை
முதல் குத்திலேயே பிடிக்கிற கை.
என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
"சாக்பீஸ் எங்க? வட்டம் போடுங்க."

நீரை இறைத்துப் பின்பலகையைக் கழற்றினேன்.
டீயில் விழுந்த பொறைபோல்
ஃபோம் கையோடு பிய்ந்து வந்தது.
உள்ளே ஒரு தவளை,
வாடகை பாக்கி வைத்த முகம்.
ரப்பர் வளையம் அப்பளமாய் நொறுங்கியது.
லாரன்ஸ் ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கி
நாற்பது ரூபாய்க்குப் புதுசு.
சிலிக்கான் பூசி, ஸ்பேனரைத் தொடாமல்
நட்டைக் கையாலேயே இறுக்கி,
ஒரு பகல் ஒரு இரவு காயவிட்டு,
தண்ணீர் விட்டோம்.
நின்றது.

வெளியே காற்று முப்பத்து நாலு டிகிரி,
தொட்டி முப்பத்தெட்டு.
கழுத்துவரை இறங்கிய செந்தாமரை
ஒரு எழுத்தும் இல்லாத ஒலி ஒன்றை எழுப்பினாள்.
கல்யாணமாகி இத்தனை வருஷத்தில்
அதை நான் கேட்டதில்லை.

அடுத்த வாரம் மதிலுக்கு மேல் ரமீஜா அக்காவின் முகம்.
"ஏந்தம்பி, எதையாச்சும் அடைச்சிட்டியா?
வாழை தலை தொங்குது."

கண்ணைத் திறக்காமலே இவள் சொன்னாள்:
"ஹோஸ எடுத்து அந்தப் பக்கம் போடுங்க.
குலை முத்துற வரைக்கும்."

போட்டேன்.
குழாயடி மூட்டில்
சொட்டுச் சொட்டாய் ஒழுகியது.
பார்க்காத மாதிரி
உள்ளே வந்துவிட்டேன்.