வலது மூலை

என் பெயர் அட்டையில் 'டில்' என்று இருக்கிறது.
திலகநாயகி அதற்குள் அடங்கவில்லை.
ஊறுகாய்க்குப் போடும் கீரை ஒன்றின் பெயராம் அது.
மூன்றாம் வாரம்தான் ரோவேனா சொன்னாள்,
சிரித்துச் சிரித்து,
விரிப்பின் மறுமுனையைக் கைவிட்டுவிட்டு.

வினிபெக். சனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில்,
சூட்டு உருளைகளின் வாய்க்கு முன்னால்
நாங்கள் இருவரும் வியர்க்கிறோம்.
அவள் இடது மூலை, நான் வலது மூலை.
உதறு, இழு, நீட்டு, விடு.
உதறு, இழு, நீட்டு, விடு.
இரவொன்றுக்கு மூவாயிரம் வெள்ளை விரிப்பு.
சரியாகத்தான் சொல்கிறேன். நான் எண்ணுகிறவள்.
எண்ணாவிட்டால் விடியாது என்று
எனக்கு ஒரு பயம்.

அவள் எண்ணுவதில்லை.
ஒவ்வொரு விரிப்புக்கும் ஓர் ஆள் வைக்கிறாள்:
"இதில் படுத்தவன் குறட்டைக்காரன்."
"இது பிரசவம். பெண் குழந்தை. மூக்கு அப்பாவுடையது."
"இவள் நேற்றே வீட்டுக்குப் போய்விட்டாள்,
செருப்பை மறந்துவிட்டு."
ஒருமுறை ஒரு பல்செட் வந்தது,
கொதிநீரில் குளித்து, சுத்தமாய்,
யாரையோ பார்த்து இளித்தபடி.
அவள் அதற்கு வணக்கம் சொன்னாள்.
நான் ஏசினேன்.
பல்லை, உருளையை, ஒப்பந்தத்தை,
இந்த நாட்டுக்கு வழி சொன்ன மைத்துனனை.

ஒரே துணி. ஒரே சூடு. ஒரே மணிக்கூலி.
ஆனால் அவளுடைய இரவில் ஒரு நகரமே படுத்திருந்தது.
என்னுடையதில் மூவாயிரம் துண்டு.

கடிகாரத்துக்குக் கீழே மேலாளர் பிரென்ட்
ஒரு போஸ்டர் ஒட்டினார்.
மலை உச்சியில் ஒருவன் கைவிரித்து நிற்கிறான்.
மனம் எப்படியோ வேலை அப்படி
என்பது போல ஏதோ வாசகம்.
அந்த மாதம்தான் இடைவேளையில் ஐந்து நிமிடம் குறைந்தது.
"உச்சியில் நிற்கிறவனுக்கு
மடிக்க ஒன்றுமில்லை" என்றேன், தமிழில்.
ரோவேனா பொருள் கேட்கவில்லை.
என் ஏச்சு அவளுக்கு ரேடியோ.
அதிலிருந்து ஒரு சொல்லை மட்டும்
பொறுக்கி வைத்திருந்தாள்:
இயந்திரம் சிக்கும்போதெல்லாம்
அதன் விலாவில் தட்டி, கொஞ்சலாக,
"சனியன்" என்பாள்.
அந்தச் சொல்லை இவ்வளவு அன்பாய்
யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பெப்ரவரியில் அவள் தாய் இலோய்லோவில் இறந்தாள்.
டிக்கெட்டுக்குக் காசில்லை. லீவும் இல்லை.
மறுநாள் இரவு இடது மூலையில் நின்றாள்.
உதறினாள். இழுத்தாள். நீட்டினாள். விட்டாள்.
விரிப்புகளில் யாரும் இல்லை.
வெறும் துணி போனது, வெறும் துணி, வெறும் துணி.
இத்தனை மாதமும்
அவளுடைய ஆட்களை நம்பித்தான்
நானும் நின்றிருக்கிறேன்.

எனக்கு அது வராது. ஆனாலும் வாய் திறந்தேன்.
"இது... ஒரு வக்கீல்.
இரவெல்லாம் தன்னோடு வழக்காடித்
தோற்றுப்போனவர்."
அவள் நிமிரவில்லை.
"இது பஸ் டிரைவர். தூக்கத்திலும் பிரேக் அடிக்கிறார்,
பார், கால்மாட்டில் கிழிசல்."
இல்லை.
அடுத்ததை உதறினோம்.
அது யாருடையது என்று இருவருக்கும் தெரியும்.
நான் சொல்லவில்லை.
அவள் தன் முனையை மெதுவாக நீட்டினாள்,
ஒரு சுருக்கமும் விழாமல்.
நானும் மெதுவானேன்.
பின்னால் வண்டிகள் தேங்கின.
பிரென்ட் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.
பார்க்கட்டும்.

மூன்றேகாலுக்கு உருளை சிக்கியது.
நான் ஏசவில்லை. காத்திருந்தேன்.
வெகுநேரம் கழித்து
இடது பக்கமிருந்து, கரகரத்த ஒரு குரல்:
"சனியன்."

தோள் உளைவு குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.
வெட்டிய ஐந்து நிமிடமும் திரும்பி வரவில்லை;
அதற்கு ஒரு தாளில்
இதுவரை பதினான்கு பேர் கையெழுத்து.
என் எண்ணிக்கை மட்டும் அன்றைக்கு
ஆயிரத்து நானூறுக்குப் பக்கத்தில் எங்கோ
தவறிப்போனது.
தேடவில்லை.