இரண்டாம் ஜாமீன்

பாரத்தில் ‘பெஞ்சாமின்’ என்று இருந்தது.
யாரந்த வெள்ளைக்காரன் என்று கேட்டாள் அம்மா.
மலாய்ச் சொல், நம்ம ஜாமீன்தான் என்றேன்.
அதற்கப்புறம்தான் அவள் முகம் கறுத்தது.

முதல் ஜாமீன் விமலேஸ்வரியின் அக்காள் புருஷன்,
ஜெம்போல் போலீசில் கார்ப்பரல்.
இரண்டாவதுக்குப் பகாவ் முழுக்க அலைந்தாள்.
லோரிக்கார அண்ணனிடம் சம்பளச் சீட்டு இல்லை.
மளிகைக்கடை ஆ சூன்
ஐந்நூறு வெள்ளியை எடுத்து மேசையில் வைத்து
கையெழுத்து மட்டும் கேட்காதே என்றார்.
அவள் அப்பா செம்பனைக் குலை அறுப்பவர்,
டன்னுக்கு இவ்வளவு என்று கூலி.
அரசாங்கம் டன்னை நம்புவதில்லை.

நான் நில அலுவலகத்தில் குமாஸ்தா.
மாதாமாதம் இருபத்தைந்தாம் தேதி
நாடு என்னை நம்புகிறது.
தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை
அவள் என்னைப் பார்த்து எழுதினாள் என்று சொல்ல ஆசை;
பார்த்து எழுதியவன் நான்.
தபால் நிலையத்துப் பக்கத்து ஒட்டுக்கடையில்
தே தாரிக் ஆறுவதற்குள்
ஒன்பது இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

செம்பனையின் அடித்தூரைத் தின்கிற ஒரு காளான்.
உள்ளே மாவாக உதிர்ந்திருக்கும்,
மேலே மட்டை பச்சையாகவே ஆடும்.
வெளியே தெரிகிற அன்றைக்கு வைத்தியம் கிடையாது.
முன்னாலேயே கண்டுபிடிக்கலாம்,
வேரோரத்து மண்ணின் ஆவியைப் படித்தால்.
படிக்கிற கருவி ஹாலந்தில் இருந்தது.
மரம் இங்கே, நோய் இங்கே,
பெயர் வைக்கிற இடம் மட்டும் அங்கே
என்று சிரித்துக்கொண்டே விமானம் ஏறினாள்.

முதல் வருடம்
நான் அனுப்பிய மண்குப்பிகளைச் சுங்கத்தில் எரித்துவிட்டார்கள்.
இரண்டாம் வருடம் லண்டனில் மாநாடு,
விசா வந்தபோது மாநாடு முடிந்து நான்கு நாள்.
கட்டுரை திரும்பி வந்தது:
ஆங்கிலத்தைத் தாய்மொழிக்காரரிடம் காட்டித் திருத்தவும்.
திருத்தப்பட வேண்டிய வரி
அவளுடைய டச்சுப் பேராசிரியர் எழுதியதாம்.

ஆனாலும் அங்கே
இங்கே ஆறு வாரம் காக்கிற ரசாயனம்
மறுநாள் காலை வாசலில் இருக்கிறது.
ராத்திரி இரண்டு மணிக்கும் கருவியின் சாவி அவள் கையில்.
யார் மகள், எந்தத் தோட்டம்,
ஒருவரும் கேட்கவில்லை, அதுவே பயமாக இருந்தது
முதல் மாதம் என்றாள்.

போன செவ்வாய் செய்தி:
*இன்னும் மூன்று வருடம் வேலை தருகிறார்கள்.*
அப்புறம் ‘எழுதுகிறார்’ என்று காட்டியது,
நின்றது, மறுபடி காட்டியது,
ஒன்றும் வரவில்லை.
ஊரில் நான்கு பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருந்தாள்.
மூன்று பதிலே போடவில்லை.
நான்காவது, காலியிடம் இல்லை.
உரக் கம்பெனி ஒன்று
விற்பனைக்கு வருகிறாயா என்று கேட்டது.

திரும்பாவிட்டால் கட்ட வேண்டியதில் பாதி என்னுடையது.
அலுவலகக் கணக்குப்பொறியில் தட்டினேன்:
இருபது வருடம், மாதம் எழுநூற்றுத் தொண்ணூறு வெள்ளி.
கார் வாங்க வைத்திருந்த முன்பணம் ஞாபகம் வந்தது.
*வந்துவிடு* என்று எழுதி அழித்தேன்.
*அங்கேயே இரு* என்று எழுதினேன்,
அதற்கு விரல் இன்னும் கனத்தது.

சாப்பாட்டு நேரத்தில் திடலோரம் போனேன்.
அவள் சிவப்புச் சாயத்தில் எண் போட்ட மரங்களில்
பதினேழு விழுந்து கிடந்தது.
மேலே பச்சை. படம் எடுத்து அனுப்பினேன்.
அங்கே விடிகாலை. உடனே பதில்:
*எப்போது? எந்தப் பக்கமாகச் சாய்ந்தது?
தூரை யாரும் தோண்ட விடாதே.*

மண்வாரி இயந்திரம் அதற்குள் வந்துவிட்டது.
ஓட்டிய வங்காளதேசத்துப் பையன்
இது யாருடையது என்று மலாயில் கேட்டான்.
தெரியவில்லை என்றேன். உண்மைதான்.
கொஞ்சம் பொறு என்றேன்.
அவன் எஞ்சினை அணைத்து நிழலுக்குப் போனான்.

கடனைப் பற்றி அவள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
இரண்டு மணிக்கு அலுவலகம்,
அதுவரை நிற்கிறேன் என்று மட்டும் எழுதினேன்.