உட்காரும் சத்தம்

இப்போதே திறக்காதே என்றாள் ஹொங்கோர்சுல்.
மதர்போர்டை விற்றவள் அவள்தான்.
முப்பத்தொரு டிகிரி உறைகுளிரில்
பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோகிறாய்,
வீட்டுச் சூடு பட்டதும் வியர்க்கும்.
வியர்வை காய இரண்டு மணி நேரம்
சும்மா இரு.

சும்மா இருந்தேன்.
உப்புப் போட்ட பால் தேநீர், இரண்டு கோப்பை.
அட்டைப்பெட்டியின் மேல் பனி
முதலில் வெள்ளையாய், பிறகு ஈரமாய்,
பிறகு இல்லாமல்.

உலான்பாத்தரில் கம்ப்யூட்டருக்கா பஞ்சம்?
தெருமுனைக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால்
ஏழு நிறத்தில் மினுக்கிக்கொண்டு நிற்கிறது ஒன்று.
நாற்பது லட்சம் துக்ரிக். தவணை உண்டு.
முதுகில் வெள்ளி நிற ஸ்டிக்கர்:
கிழித்தால் உத்தரவாதம் போச்சு.
ஆறு வருஷம் அப்படியொன்றை வைத்திருந்தேன்.
தாடையைத் திரையில் திருப்பினால்
பாதித் திருப்பத்தில் மூச்சடைத்து நிற்கும்.
உள்ளே எங்கே வலிக்கிறது என்று பார்க்க
எனக்கு அனுமதி இல்லை.

எனக்கு!
பல் கட்டுவது என் பிழைப்பு.
அடுத்தவர் வாயில் இல்லாததை அளந்து
இருப்பதோடு பொருத்துகிறவள்.

கேபினெட், மூடிப்போன லாட்டரி அலுவலகத்தினுடையது.
பக்கவாட்டில் சிவப்புப் பெயின்டில் 417.
கிராஃபிக்ஸ் கார்டை விற்ற பையன்
இரண்டு குளிர்காலம் அதில் நாணயம் தோண்டினானாம்;
விசிறி இறகெல்லாம் நிலக்கரிப் புகை, சிகரெட் வாடை.
பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
பவர் சப்ளை மட்டும் புதுசு.
அதில் மிச்சம் பிடிக்காதே என்று
ஹொங்கோர்சுல் மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

கம்பளிக் காலுறையைக் கழற்றினேன்.
இது காய்ந்த காற்று;
பூனையைத் தடவினாலே பொறி பறக்கும்.
வெறுங்கால், சில்லிட்ட தரை,
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
இரும்புக் கட்டிலைத் தொட்டுத் தொட்டு,
ஏதோ வேண்டுதல் போல.

பிராசஸர் ஒரு பிஸ்கட் அளவுகூட இல்லை.
அதன் மூலையில் பொன் முக்கோணம்,
சாக்கெட்டின் மூலையில் அதற்கொரு ஜோடி.
இரண்டும் முகம் பார்த்தால் தானே இறங்கும்,
அழுத்தவே கூடாது.
நெம்புகோலைச் சாய்க்கும்போது மட்டும்
க்றீச்சென்று ஒரு சத்தம்.
எத்தனையோ கடைவாயில் கை வைத்தவள்
கண்ணை மூடிக்கொண்டேன்.

பேஸ்ட், பட்டாணி அளவு.
ஒன்பது திருகு. ஒன்று கம்பளத்தில் விழுந்து
அரைமணி நேரத்தைத் தின்றது.

இரவு பதினொன்றே கால்.
பொத்தானை அமுக்கினேன்.
விசிறிகள் சுற்றின.
விளக்கு எரிந்தது.
திரை கறுப்பு.

இப்போது யாரைக் கூப்பிடுவது?
ஸ்டிக்கர் இல்லை, தவணைப் புத்தகம் இல்லை,
திட்டித் தீர்க்க ஒரு கம்பெனி இல்லை.
குற்றவாளி ஒரே ஒருத்தி,
வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறாள்.

கேபிளைக் கழற்றி மாட்டினேன்.
கார்டைக் கழற்றி மாட்டினேன்.
நடுவில் கட்டிலைத் தொட மறந்து,
மறந்ததற்குப் பயந்து,
ஓடிப்போய்த் தொட்டேன்.
ஒரு மணிக்குக் கண்ணில் பட்டது:
இரண்டு ராமில் ஒன்று
ஒரு பக்கம் மட்டும்
மயிரிழை தூக்கி நின்றது.

தினமும் பத்துப் பேரிடம் சொல்கிறேன்:
நன்றாகக் கடியுங்கள்,
இன்னும் கொஞ்சம், இன்னும்,
உட்காரும் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்.

கட்டைவிரலை வைத்தேன்.
டக்.

திரையில் வெள்ளை எழுத்துகள்.
தன்னிடம் என்னென்ன இருக்கிறதென்று
அதுவே ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்தது:
சந்தையில் வாங்கிய பிராசஸர்,
எட்டும் எட்டும் பதினாறு,
பையனின் கார்டு அதன் முழுப்பெயரோடு.
கடைசி வரியில்,
தொடங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்றது.
உண்மைதான். இன்னும் எதையும் நிறுவவில்லை.
அந்த வரியை அப்படியே எரியவிட்டு,
பக்கக் கதவை மாட்டாமலே படுத்தேன்.
பூனை போய் விசிறிக் காற்றின் முன் படுத்துக்கொண்டது.

காலையில் எதிர்வீட்டு லுவ்சான்தோர்ஜ்
எட்டிப் பார்த்து, எந்தக் கம்பெனி என்றார்.
பல் துலக்கிக்கொண்டிருந்தேன்,
வாய் நிறைய நுரை.
விரலை நீட்டிக் காட்டினேன்:
417.