ஒன்று தசம் மூன்று ஐந்து

மூன்றாம் தரமும் வந்துவிட்டா
நிந்தவூர் பதுறுன்னிசா.
பையை மேசையில் வைத்த சத்தத்திலேயே
எனக்கு விளங்கிவிட்டது.

"காலையில நல்லா ஓடுது.
லுஹருக்கு பாங்கு செல்ல முன்ன
திரை நீலமாப் போகுது.
ஒரு மணித்தியாலம் ஆற விட்டா மறுகா எழும்புது.
இதென்ன சாமான்?"

கல்முனை, அக்கரைப்பற்று வீதி.
பஸ் போகும்போதெல்லாம் கடைக் கண்ணாடி நடுங்கும்.
லெப்டொப்பைக் குப்புறப் போட்டு
பற்றறியைக் கழற்றினேன்.
எட்டு ஆணி இருக்கவேண்டும், ஏழுதான்.
எட்டாவதைப் போன தரம் நான்தான் தொலைத்தேன்.

இரண்டு பக்கக் கொழுக்கியையும் விலக்க
ரேம் சரிந்து எழும்பியது.
அதன் பொன் பற்களை
மகளின் அழிறப்பரால் தேய்த்தேன்.
கடற்காற்று, என்றேன்.
இங்கே உப்பு எதையும் விடாது, என்றேன்.
அவ ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்றைக் கழற்றி மற்றதோடு ஓட்டினேன்.
இடம் மாற்றி ஓட்டினேன்.
சோதனை போட்டேன்: முதற் சுற்று சுத்தம்,
இரண்டாம் சுற்றும் சுத்தம்.
மேசை மின்விசிறியை நிறுத்தினேன்.
நாலாம் சுற்றில்
சிவப்பு வரி, கீழே இன்னொன்று,
பிறகு எண்ண முடியாமல்.

எல்லாம் நாடகம்.
ஆணியில் கை வைக்க முன்னமே எனக்குத் தெரியும்.

ஆவணியில் புறக்கோட்டையிலிருந்து
பதினொரு பழைய லெப்டொப் எடுத்தேன்.
இந்த இனத்துக்கு ஒன்று தசம் மூன்று ஐந்து வோல்ட் ரேம்தான்.
இரவு பஸ்ஸில் வந்த பார்சலில் இருந்ததோ
ஒன்று தசம் ஐந்து.
நீளம் ஒன்று. பல் இருநூற்றுநாலு, அதுவும் ஒன்று.
நடு வெட்டுக்கூட அதே இடத்தில்.
வெட்டு ஒரு நூல் தள்ளியிருந்தால்
என்னால் போட்டிருக்கவே ஏலாது.
அழுத்தினேன், டிக் என்றது.
திரை எழுத்துப் போட்டது.
அன்று கடை வாடகைக்குக் கடைசி நாள்.

"பெரும்போக உரப் பதிவு" என்றா,
யாரிடமோ சொல்வதுபோல.
"எங்கட கண்டத்து ஆக்கள் இருநூத்திப் பன்னிரண்டு பேர்.
பேர், ஏக்கர், அடையாள அட்டை நம்பர்.
ரெண்டு தரம் அடிச்சன்.
ரெண்டு தரமும் திண்டு போட்டுது."
சுட்டுவிரல் நுனியில் பிளாஸ்டர்.

என் சொந்த மெசினைத் திறந்தேன்.
அதிலிருந்த நல்லதைக் கழற்றி
அவவின் மெசினில் போட்டேன்.
அதே டிக்.
சாச்சி வீட்டில் தொழுதுவிட்டு வந்தா.
ஒன்றரை மணி. ஓடுகிறது.
இரண்டு மணி. மின்விசிறி இல்லாமலே ஓடுகிறது.

"எவ்வளவு?"
"வேணாம்."

பேர்சை மூடாமல் என்னைப் பார்த்தா.
"முந்தி ரெண்டு தரமும் அறுநூறு அறுநூறு எடுத்தீங்களே.
இண்டைக்கு மட்டும் ஏன் வேணாம்?"

வெளியே ஒரு பஸ். கண்ணாடி நடுங்கியது.
கையை நீட்டினா.
கழற்றிய ரேமைக் கொடுத்தேன்.
கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி
ஒட்டியிருந்த பட்டியை மெல்ல வாசித்தா:
"ஒண்டு தசம் அஞ்சு.
இப்ப போட்டது?"

சொன்னேன்.
"தெரிஞ்சா போட்டீங்க?"

லாச்சியைத் திறந்து
ஆயிரத்து இருநூறை எண்ணி வைத்தேன்.
தொடவில்லை.
பையிலிருந்து ஓரம் சுருண்ட கொப்பியொன்றை எடுத்தா.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
லெப்டொப்பை என் பக்கம் திருப்பினா.

"என்ட விரல் ஏலாது.
நான் வாசிக்கிறன், நீங்க அடியுங்க."

வாசலில் சார்ஜர் வாங்க வந்த பொடியன்
கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

"ஒண்டாம் நம்பர்.
ஆதம்லெவ்வை சீனிமுகம்மது.
ரெண்டே கால் ஏக்கர்."

அடித்தேன்.
"சேவ் பண்ணுங்க" என்றா.
பண்ணினேன்.
"ரெண்டாம் நம்பர்."