பத்தொன்பது ஒன்றுகள்

பணகுடிக்கு மேற்கே துணைமின் நிலையத்தில்
எனக்கு இரவு ஷிப்டு.
திரையின் கடைசி வரி காற்றாலைகளுக்கு.
சுற்றினால் ஒன்று, நின்றால் பூஜ்யம்.
ஆனி பிறந்து கணவாய்க் காற்று இறங்கிவிட்டால்
விடிய விடிய அந்த வரி இப்படியே நிற்கும்:

1111111111111111111

பதினோராயிரத்துச் சொச்சம் கோடி கோடி.
முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் அதே.

மூன்று ஒன்றுகள் நின்றால் மூன்று நுழைந்துவிடும்.
நான்கு நின்றால் பதினொன்று.
ஐந்துக்குள் நாற்பத்தொன்று,
யாரும் சந்தேகப்படாத முகத்தோடு.
ஏழு தானே ஒரு பகா எண், தாங்கும் என்று நினைத்தால்
இருநூற்று முப்பத்தொன்பது வந்து பிளக்கிறது.
பதினொன்று, பதின்மூன்று, பதினேழு,
எல்லாவற்றுக்கும் எங்கேயோ ஒரு கத்தி இருக்கிறது.
இரண்டு ஒன்றுகளை விட்டால்
பத்தொன்பதுதான் பங்குக்கு வராத முதல் வரிசை.
அடுத்தது இருபத்துமூன்று.
அதற்கப்புறம் முந்நூற்றுப் பதினேழு வரை ஒன்றுமில்லை.
அத்தனை காற்றாலை நட
எங்கள் கம்பெனியிடம் பணமும் இல்லை.

நம்பாதவர்கள் வகுத்துப் பார்க்கலாம்.
இரண்டில் தொடங்கி
நூற்றைந்து கோடிச் சொச்சம் வரை போனால் போதும்.
வினாடிக்கு ஒன்று, சாப்பிடாமல், தூங்காமல்,
முப்பத்துமூன்று வருஷம்.
எனக்கு இப்போது இருபத்தேழு.
பாளையங்கோட்டையில் கணக்குப் படித்தவள் என்பது
வேலைக்கு எடுத்தபோது பேச்சிலேயே வரவில்லை.
மீட்டர் பார்க்கத் தெரியுமா என்றார்கள்.

ஆடியில் ஒரு ராத்திரி, இரண்டேகால் மணி.
ஏழாவது நின்றது.

1111110111111111111

"பதினெட்டு ஓடுதுல்லா, பொறவு என்ன மேடம்"
என்றார் சங்கிலிபூதத்தான், களக்காட்டுக்காரர்,
கோபுரம் ஏறுகிறவர்.
என்ன என்று எப்படிச் சொல்ல?
ஓரத்தில் விழட்டும், நடுவில் விழட்டும்,
ஒன்று விழுந்தால் கூட்டுத்தொகை பதினெட்டு.
உடனே ஒன்பது உள்ளே வந்து
பாய் விரித்து உட்கார்ந்துகொள்ளும்.
இரண்டு விழுந்தால்?
அதை நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.
"ஏறிப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.
சாரலில் ஏறினார்.
நாலு மணிக்கு வரி நேரானது.

ஐப்பசியில் காற்று செத்தது.
ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன.
கடைசிக் கோபுரத்தோடு மட்டும் தொடர்பு அறுந்து,
தொடர்பு அறுந்தால் எங்கள் கணினி காட்டுவது ஒன்பது:

0000000000000000009

வெறும் ஒன்றை எடுத்து
அந்தப் பெரிய எண்ணால் வகுத்தால்
புள்ளிக்குப் பின்னே வருவது இதேதான்.
பதினெட்டு பூஜ்யம், ஒரு ஒன்பது,
மறுபடி பதினெட்டு பூஜ்யம், மறுபடி ஒன்பது,
நிறுத்த ஆளில்லாமல்.

ஆற வைத்த டீயில் ஆடை படிந்திருந்தது.
போன் போட்டேன்.
"எலி வயரைக் கடிச்சிருக்கும் மேடம்.
இப்பவே வந்து பாக்கட்டா?"

வேண்டாம், விடியட்டும் என்றேன்.