கலைத்தல்

ஜெலுத்தோங் கிளினிக் கவுண்டரில் எனக்கு வேலை
மலாய்ப் படிவத்தைத் தமிழில் சொல்வது.

பரிமளாதேவி, முப்பத்து நான்கு,
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
மூன்றாவதற்கே ரத்தம் நிற்கவில்லை என்கிறாள்,
கரண்டு பில் தொகையைச் சொல்வதுபோல.

முந்நூற்றுப் பன்னிரண்டாம் பிரிவு
டாக்டரின் நல்லெண்ணத்தை நம்புகிறது.
உயிருக்கோ உடலுக்கோ மனசுக்கோ ஆபத்தென்று
அவர் கருதினால் குற்றமில்லை.
இவள் என்ன கருதினாள் என்பதற்குப்
படிவத்தில் கட்டமில்லை.

'கலைப்பது' என்று வாசித்தேன்.
மேலே டிவியில் தமிழ்ச் செய்தி, அதே சொல்:
நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது.
வரிசையில் யாரும் திடுக்கிடவில்லை.
அவள் மட்டும் சிரித்துவிட்டாள்.

நான் சிரிக்கவில்லை.
ஒன்று தங்கட்டும் என்று
தண்ணீர்மலைக்கு ஒன்பது வருஷம் பால்குடம் எடுத்தவள்.
பாவமில்லையா, என்று
நாக்கு நுனிவரை வந்தது.
படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.
இல்லாததை மொழிபெயர்க்க எனக்குச் சம்பளமும் இல்லை.

அவளே கேட்டாள்:
"அக்கா, வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமா?"

சட்டம் கேட்பதில்லை.
எங்கள் கவுண்டர் கேட்கும், பழக்கம்.

"வேணாம்" என்றேன்.
பேனாவை அவள் பக்கம் தள்ளினேன்,
மூடியோடு.

அவள்தான் கழற்றினாள்.